தொட்டியும் பதிவேடும்: பஞ்சாயத்துகளுக்கு வேண்டிய பயிற்சி

‘திறன் வளர்த்தல்’ என்னும் தொடர் அண்மைக் காலத்தில் அரசாங்கச் சுற்றறிக்கைகளிலும் பயிற்சி முகாம்களின் அழைப்பிதழ்களிலும் அடிக்கடி காணப்படுகின்றது. கேட்பதற்கு இனிய தொடர்தான். ஆயினும், கிராமப் பஞ்சாயத்தின் அங்கத்தினர் ஒருவர், ‘யாருடைய திறன்? எதைச் செய்யும் திறன்?’ என்று கேட்பாரானால், அவருக்குத் தெளிவாக விடை கூறக்கூடியவர் மிகச் சிலரே. தலைவருக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தி, கையேடு ஒன்றும் பை ஒன்றும் கொடுத்தனுப்பினால் பஞ்சாயத்தின் திறன் வளர்ந்துவிட்டதெனக் கருதுவாரும் உளர். காரியம் அவ்வளவு எளிதில் முடிவதில்லை என்பதைத் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களை உதாரணமாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

தாம்பரத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்துவந்த ஊர்களை நாடி, ரயிலைத் தொடர்ந்து வீடுகள் வந்தன; வீடுகளைத் தொடர்ந்து தொழிற்கூடங்கள் வந்தன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டு, எழுபது வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அவ்வேளையில் முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் முதலிய ஊர்கள், பரங்கிமலைப் பஞ்சாயத்து யூனியனுக்கு உட்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளாகவே விடப்பட்டன. ஆதலின், தெருவின் ஒரு புறம் மாநகராட்சியும் மறுபுறம் கிராமப் பஞ்சாயத்துமாக அமைந்த இடங்கள் அங்கு ஏற்பட்டன. இரு புறத்து மக்களின் தேவையும் ஒன்றே. அத்தேவையை நிறைவேற்றும் சாதனங்களோ ஒன்றல்ல. ஒரு புறத்தில் ஆணையரும், பொறியாளரும், நகர்நல அலுவலரும், வருவாய்ப் பிரிவும் உண்டு. மறுபுறத்தில் தலைவர், துணைத்தலைவர், வார்டு அங்கத்தினர்கள், ஒரு பஞ்சாயத்துச் செயலாளர், தொட்டி இயக்குவோர் சிலர், தூய்மைப் பணியாளர் சிலர், அவ்வளவே. பல மாடிக் கட்டிடங்களும் வயல்களும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களை இச்சிறு அமைப்பு நிர்வகிக்க வேண்டியிருக்கின்றது. இவ்வூர்களுக்கு இன்று வந்திருக்கும் சோதனை, நகரங்களை அடுத்திருக்கும் மற்றப் பஞ்சாயத்துகளுக்கும் நாளை வரக்கூடியதே.

தொட்டி கற்பிக்கும் கணக்கு

பஞ்சாயத்து செய்யும் பணிகளுள் முதன்மையானது குடிநீர் வழங்குதல். அதனையே எடுத்துக்கொண்டு, திறன் என்பது எங்கே இருக்கின்றது என்று பார்ப்போம்.

ஓர் ஊரில் 60,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இருமுறை நிரப்பினால் 1,20,000 லிட்டர் நீர் கிடைக்கும். கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது, 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அவ்வளவின்படி இத்தொட்டி ஏறத்தாழ 2,180 பேருக்குப் போதும். பாதாளச் சாக்கடை அமைந்த நகரங்களுக்கோ தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகின்றனர். அவ்வாறு கொண்டால் அதே தொட்டி 890 பேருக்குக்கூடப் போதாது. தொட்டி மாறவில்லை, மோட்டார் மாறவில்லை, குடியிருப்பவர்களின் பழக்கம் மாறிவிட்டது. குளிக்கும் அறையில் திருகு குழாயும், துணி துவைக்கும் இயந்திரமும் வந்துவிட்ட தெருவுக்கு 55 லிட்டர்க் கணக்கில் நீரை விட்டுவிட்டு, ‘தினந்தோறும் நீர் விடுகிறோம், இருந்தும் ஜனங்கள் குறை கூறுகிறார்களே’ என்று பஞ்சாயத்தார் வருந்துவதில் பயனில்லை. இக்கணக்கைப் போடத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர், புதிய குடியிருப்புக்கு இணைப்புக் கேட்டு விண்ணப்பம் வரும்போதே, அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை மன்றத்தில் எழுப்புவார். போடத் தெரியாதவர் கையை உயர்த்தித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு, அடுத்த கோடையில் காலிக் குடங்களின் வரிசையைச் சந்திப்பார்.

மோட்டாரும் அங்ஙனமே. நிமிஷத்துக்கு 200 லிட்டர் இறைக்கும் மோட்டார் இத்தொட்டியை நிரப்ப ஐந்து மணி நேரமாகும். அது ஆறரை மணி நேரம் ஓடுகிறதென்றால், ஒன்று மோட்டார் தேய்ந்திருக்க வேண்டும்; அல்லது ஏற்று குழாயில் கசிவிருக்க வேண்டும்; அல்லது ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும். மூன்றும் பணச் செலவில் முடிவனவே. மோட்டார் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் அன்றாடம் ஒரு நோட்டில் எழுதப்பட்டால் இவ்வேறுபாடு ஒரு வாரத்தில் புலப்படும். எழுதப்படாவிட்டால், மின்கட்டண நிலுவை வந்த பிறகுதான் தெரியவரும். ஏரியை ஒட்டிய பஞ்சாயத்துக் கிணறும், அயலிலுள்ள விவசாயியின் கிணறும் ஒரே நிலத்தடி நீரையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே விவசாயிகளும் அந்நோட்டைக் கேட்டுப் பார்ப்பது நன்று. அவர்கள் வயலுக்கு வரவிருக்கும் சங்கடத்தின் முன்னறிவிப்பு அதில் இருக்கும்.

அடுத்தது குளோரின் கலத்தல். இது சாதாரண வேலையாகத் தோன்றும். ஊரின் உயிர் இதில் அடங்கியிருக்கின்றது. ஆயிரம் லிட்டர் நீருக்கு ஏறத்தாழ நான்கு கிராம் என்ற அளவில், 60,000 லிட்டர்த் தொட்டிக்கு 240 கிராம் வெளுப்புத் தூள் வேண்டும். அதனைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியின் முக்கால் அளவு நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்குமாறு சற்று நேரம் வைத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமேனும் சென்ற பின்னரே நீரைத் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் நீரைப் பிடித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் வேண்டும். சோதனைக் குழாயில் மருந்துத் துளிகளை விட்டதும் தோன்றும் மஞ்சள் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டு இதனை அறியலாம். எழுத்தறிவு குறைந்தவரும் செய்யக்கூடிய சோதனைதான் இது.

எங்கே தவறு நேர்கின்றது? வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்த தூள் தன் வீரியத்தை இழந்துவிடுகின்றது. அளவுக்குக் கிண்ணம் இல்லாமையால் ‘ஒரு கை’, ‘இரண்டு கை’ என்று அள்ளிப் போடுகின்றார்கள். கலந்த உடனே நீரைத் திறந்துவிடுகின்றார்கள். தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டார் வாடை அடிக்கிறதென்று புகார் செய்ததும், மறுநாள் தூளே போடாமல் விட்டுவிடுகின்றார்கள். கடைசிக் குழாயில் சோதனை செய்வதே இல்லை. இவற்றுள் எதுவும் நிதிக் குறைவால் நேர்வதன்று. கற்றுக்கொடுப்பார் இல்லாமையால் நேர்வது. கற்றுக்கொடுக்க வேண்டியதும் தலைவருக்கு மட்டுமன்று. விடியற்காலையில் தொட்டியடியில் நிற்கும் இயக்குநருக்கே முதலில் கற்பிக்க வேண்டும். அவரோ மிகக் குறைந்த ஊதியத்தில், பெரும்பாலும் வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டு, இப்பணியைச் செய்து வருபவர். எந்தப் பயிற்சி முகாமின் அழைப்பிதழிலும் அவர் பெயரைக் காண்பது அரிது. இந்நிலை மாற வேண்டுமென்பது நம் உறுதியான கருத்து.

அறிவு தங்குமிடம்

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. பஞ்சாயத்தின் திறன் மூன்று இடங்களில் தங்குகின்றது: தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம், ஊழியர்களிடம், பதிவேடுகளில். இம்மூன்றனுள் முதலிடத்தில் மட்டும் நீரை ஊற்றினால், தேர்தல் வந்ததும் அது வற்றிவிடும்.

நம் மாநிலத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், கிராம சேவகர்களுக்குப் பயிற்சியளித்த பின்னரே அவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினர். 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின; ஆரம்பப் பள்ளிகளையும் குடிநீர்க் கிணறுகளையும் சாலைகளையும் அவற்றின் பொறுப்பில் விட்டனர். விவசாயிகள் நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டு வந்த வேளையில் தேர்தல்களுக்கு இடையூறு நேர்ந்தது. 1970-இல் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பிறகு, அடுத்தது 1986-இல்தான் நடந்தது. அதற்கும் அடுத்தது, 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து, 1996-இல் நடந்தது. பதினாறு ஆண்டு இடைவெளியில், பழைய தலைவர்கள் கற்றிருந்தவை அவர்களோடு போயின. புதிதாக வந்தவர்கள் ‘அ’னா ‘ஆ’வன்னாவிலிருந்து தொடங்க நேர்ந்தது.

அண்மைக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2016 அக்டோபரில் முந்திய மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடைபெறாமையால் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. மாநிலத்தின் பெரும்பாலான ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோதும், புதிதாகப் பிரிக்கப்பட்ட செங்கற்பட்டு உள்ளிட்ட ஒன்பது ஜில்லாக்கள் 2021 அக்டோபர் வரையில் காத்திருந்தன. ஐந்து ஆண்டுகள்! தாம்பரத்துக்குத் தெற்கே வீடுகள் பெருகிக்கொண்டிருந்த அதே ஐந்து ஆண்டுகளில், தெருவுக்குத் தெரு கேள்வி கேட்கும் வார்டு அங்கத்தினர் ஒருவரும் இல்லை. எந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது, எந்தத் தெருவில் எந்த வால்வு இருக்கின்றது, எவர் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கப்பட்டது என்பனவெல்லாம் செயலாளரின் நினைவிலும், அவர் எழுதிவைத்த அளவுக்குப் பதிவேட்டிலுமே நின்றன. செயலாளர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ சென்றிருந்தால், அந்நினைவும் உடன் சென்றது.

பதிவேட்டைப் பற்றிப் பேசும்போது உத்திரமேரூரைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் புகழப்படுகின்றன. அம்முறையில் நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இடமிருந்தது என்பதை மறந்துவிட்டு, அதனை இன்றைய மக்களாட்சிக்குச் சமமாகக் கூறுவது பொருந்தாது. அதில் நாம் கற்கத்தக்கது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விதித்தது. ஏரியைக் காப்பதற்கெனத் தனி வாரியமும் வைத்திருந்தனர். கணக்கும் ஏரியும் காப்பாற்றப்பட்டால் ஊர் காப்பாற்றப்படும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் போலும்.

கேட்பு, வசூல், நிலுவை

பதிவேடுகளுள் வார்டு அங்கத்தினர் கட்டாயம் படிக்கக் கற்க வேண்டியது வரிப் பதிவேடு. கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்திகள்தாம் அதன் சாரம். ஆனால் அம்மூன்றையும் விட முக்கியமானது, அதில் எழுதப்படாத பத்தி. புதிதாகக் கட்டி முடித்த வீடு வரி விதிப்புக்கே வராமலிருந்தால் அது கேட்பிலும் இராது, நிலுவையிலும் இராது. வசூல் நூற்றுக்கு நூறு என்று அறிக்கை எழுதிவிடலாம். தம் வார்டிலுள்ள வீடுகளைத் தெருத் தெருவாக எண்ணி, அவ்வெண்ணிக்கையைப் பதிவேட்டோடு ஒப்பிடுவது, படிப்பு மிகுதியில்லாத அங்கத்தினரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய காரியம். தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் இவ்வெண்ணிக்கை வேறுபாடே பல தெருவிளக்குகளின் விலையாகும். அரையாண்டுக்கொருமுறை செலுத்த வேண்டிய தொழில் வரியும் இத்தகையதே. சாலையோரத்தில் எத்தனை நிறுவனங்கள் பெயர்ப்பலகை மாட்டியிருக்கின்றன, பதிவேட்டில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

2023 முதல் கிராமப் பஞ்சாயத்துகளின் வரிகளை இணையத்தின் வழியே செலுத்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றது. ரசீதுப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது பெரிய வசதியே. எனினும், கணினி பதிவேட்டில் உள்ளதைத்தான் காட்டும். இல்லாத வீட்டை அது கண்டுபிடித்துக் கொடுக்காது. பணப்பட்டுவாடாவும் இவ்வாறே கணினிக்கு மாறி வருகின்றது. முற்காலத்தில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து காசோலையில் கையொப்பமிட்டனர். இன்று மின்கையொப்பச் சாவி அந்தக் கையொப்பத்தின் இடத்தில் நிற்கின்றது. அச்சாவியையும் அதன் இரகசிய எண்ணையும் ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பிறரிடம் ஒப்படைப்பது, வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பயிற்சியின் முதல் நாள் முதல் பாடமாக இது அமைய வேண்டும்.

மறைமலை நகரில்

தாம்பரத்திலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகியவற்றைக் கடந்து சென்றால் மறைமலை நகர் வரும். 1911 முதல் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய துணை நகரம் அது. தமிழ்நாட்டின் மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கின்றது. பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, எஸ்.வி. நகரம், தே. கல்லுப்பட்டி ஆகிய இடங்களில் வட்டாரப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. மாநில அளவில் பயிற்சி பெற்றவர்கள் ஜில்லாவில் பயிற்சியளிக்க, அவர்களிடம் கற்றவர்கள் யூனியன் அளவில் பயிற்சியளிப்பது என்பது வழக்கமான முறை. பல்லாயிரம் பஞ்சாயத்துகளுக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், தலைமதகில் திறந்துவிட்ட நீர் கடைமடை சேர்வதற்குள் என்னவாகிறது என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மாநில நிறுவனத்தில் படம் காட்டி, கணக்குப் போட்டு, களத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய பாடம், யூனியன் அலுவலக மண்டபத்தில் ஒலிபெருக்கி முன் வாசிக்கப்படும் சட்டப் பிரிவுகளாகச் சுருங்கிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம், பயிற்சியைத் தொட்டியடிக்கும் ஏரிக்கரைக்கும் கொண்டுசெல்வதே. நன்கு நடைபெறும் ஒரு பஞ்சாயத்தை நான்கு அண்டைப் பஞ்சாயத்துகளின் அங்கத்தினரும் ஊழியரும் சென்று ஒரு நாள் முழுவதும் காண்பது, மண்டபத்தில் மூன்று நாள் அமர்ந்திருப்பதைவிடப் பயன் தரும். திருவள்ளூர் ஜில்லாவின் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான திரு. இரா. இளங்கோ, இரசாயனப் பொறியியல் படித்து ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர். அப்பணியை விட்டுவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பியவர். தாம் கற்றதை ஏனைய தலைவர்களோடு பகிர்ந்துகொள்ள 2001-இல் அவர் பஞ்சாயத்துக் கல்விக்கூடம் ஒன்றை அமைத்தார். தலைவருக்குத் தலைவரே ஆசிரியராவது அங்கே நிகழ்ந்தது. அதிகாரி சொன்னால் ‘விதி அப்படி’ என்று கேட்டுக்கொள்பவர், தம்மைப் போன்ற தலைவர் சொன்னால் ‘நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கத் துணிவார்.

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கும் மேலான தொகையை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினர். நிதியோடு பயிற்சியும் கூடவே சென்றது. திருச்சூரை அடுத்து அமைந்த அவர்களுடைய உள்ளாட்சி நிறுவனம் அதற்குத் துணை நின்றது. நிதி முன்னே சென்று பயிற்சி பின்னே நொண்டிச் சென்றால் என்ன விளையும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதினைந்தாவது நிதிக் குழு 2021-26 ஆண்டுகளுக்கு அளித்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிடப்பட வேண்டுமென விதித்தது. எந்த வேலைக்கு எவ்வளவு என்று திட்டமிடத் தெரியாத மன்றம், ஆண்டு முடிவில் அவசரமாகத் தீட்டும் திட்டத்தில் ஒப்பந்தக்காரரின் யோசனையே மிஞ்சும்.

பெண் அங்கத்தினர்கள்

2016-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவியும் ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் திருமதி வசந்தகுமாரி கமலக்கண்ணன் அப்பதவியை ஏற்றார். கிராமப் பஞ்சாயத்துகளிலோ, பெண் தலைவரின் நாற்காலிக்கு அருகே மற்றொரு நாற்காலி போட்டுக் கணவரோ சகோதரரோ அமரும் வழக்கம் இன்னும் மறைந்தபாடில்லை. இதற்கு அப்பெண்மணியைக் குறை கூறுவோர், அவருக்குப் பயிற்சி எந்த நேரத்தில் எங்கே வைக்கப்பட்டது என்று சிந்திப்பதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு இரவு தங்கிப் பயில வேண்டுமென்றால், உடன் வரும் ஆண் துணையே வகுப்பிலும் உட்காருவார். குறிப்பும் அவரே எடுப்பார். ஊர் திரும்பிய பின் ‘விவரம் தெரிந்தவர்’ அவரே ஆவார். யூனியன் அளவில், பகற்பொழுதில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாட்டோடு, பெண்களுக்கென்றே வகுப்பு நடத்தி, உறவினரை வாயிலோடு நிறுத்திவிட வேண்டும். வகுப்பின் இறுதியில் வங்கிக் கணக்கறிக்கையை அவரே வாசித்துக் காட்ட வேண்டும். குடத்தோடு வரிசையில் நின்று பழகியவருக்குக் குடிநீர்க் கணக்கு எளிதில் விளங்கும்.

வரைபடமும் வெள்ளமும்

2015 டிசம்பர் முதல் நாளின் மழையைத் தென் சென்னைப் புறநகரத்தார் மறக்க மாட்டார்கள். அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் முற்றிலும் தப்ப முடியாது. இருப்பினும், ஏரியிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து ஆற்றுக்கும் நீர் செல்லும் வழி எது என்பதைப் புலப்படத்தில் காணத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மன்றத்திலும் இருந்தால், அவ்வழியில் சுவர் எழும்பும்போதே தடுக்கலாம். ஊரின் குளங்களும் ஊருணிகளும் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. கரை உடையும் இரவில் எவரிடம் சொல்வது என்று தெரியாமல் மூன்று அலுவலகங்களுக்கும் தொலைபேசி செய்துகொண்டிருப்பதைவிட, இவ்விவரத்தைச் சர்வே எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம். வயலைக் கைவிடாத முதிய விவசாயிகளுக்கு வாய்க்கால்களின் பழைய வழி தெரியும். அவர்களை அழைத்துக்கொண்டு அங்கத்தினர்கள் ஒருமுறை ஊரைச் சுற்றி வருவதும் பயிற்சியே. அம்முதியவர்களுக்குப் பின் அவ்வறிவைக் கேட்டுப் பெற இடமிராது.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூற வேண்டும். நகரத்தை ஒட்டிய பஞ்சாயத்துகளை நகராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்ப்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுவது உண்டு. அது நன்றா தீதா என்னும் விவாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. ஆனால் பத்து அமைப்புகள் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவானது போன்ற இணைப்பில், பத்து அலுவலகங்களின் பதிவேடுகளும் ஒன்றாக வேண்டியிருக்கின்றது. அப்போது சுடுகாடு, விளையாட்டுத் திடல், குளம், பூங்கா நிலம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிவைத்திருந்த ஊர் தன் உடைமையைத் தொலைக்காமல் போய்ச் சேரும். எழுதாமல் விட்ட ஊருக்கு, ‘இது எங்கள் பொது நிலம்’ என்று சொல்ல வாய் இருக்கும், காகிதம் இராது. இணைந்த பிறகும் மக்கள் கேள்வி கேட்க வழியில்லாமற் போகவில்லை. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் முதலமைச்சர் முன்னிலையில் பகுதி சபைக் கூட்டம் நடைபெற்றது. கிராம சபையை ஒத்த அவ்வமைப்பு நகரத்துக்குப் புதிது. கிராம சபையில் பேசிப் பழகியவர்களே அங்கும் நன்றாகப் பேசுவார்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்களைக் கிராம சபைக்கென 2022 முதல் வகுத்திருக்கின்றனர். அடுத்து வரும் சபையில் விழாவுரைகள் முடிந்ததும், மூன்று தாள்களை மேசைமேல் வைக்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, மோட்டார் ஓடிய நேரமும் கடைசிக் குழாயில் கண்ட குளோரின் அளவும் எழுதிய மூன்று மாதக் குறிப்பு. மற்றொன்று, வார்டுதோறும் எண்ணிய வீடுகளுக்கும் பதிவேட்டிலுள்ள வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாவது, குழாய் வழிகளும் வால்வுகளும், வாய்க்கால்களும் பொது நிலங்களும் குறித்த ஊர்ப்படம். கையால் வரைந்ததாயினும் குற்றமில்லை. முதல் தாளைத் தொட்டி இயக்குநரே எழுந்து வாசிக்கட்டும். மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் நாளில் இம்மூன்று தாள்களையும் சாவிக்கொத்தோடு சேர்த்து, பின்வருபவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டும். பின்வருபவர் தனி அலுவலராயினும் சரி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த புதிய தலைவராயினும் சரி.